டீன் டைட்டன்ஸ்: புதிதாக நுழைபவர் எங்கே தொடங்கி எப்படிப் போகலாம்

டீன் டைட்டன்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டு, படிக்கலாம் அல்லது பார்க்கலாம் என்று இறங்குபவர் முதல் நாளிலேயே திகைத்துப்போவது வழக்கம். அந்தப் பெயரில் 1966இல் தொடங்கிய காமிக்ஸ் ஒன்று இருக்கிறது. 1980இல் தொடங்கியது இன்னொன்று. 2003இல் மறுபடியும் ஒன்று. அதே 2003இல் தொலைக்காட்சிக்கு வந்த அனிமேஷன் தொடர் ஒன்று. 2013 முதல் முற்றிலும் வேறு குணத்தோடு ஓடும் மற்றோர் அனிமேஷன் தொடர். நடுநடுவே திரைப்படங்கள், நடிகர்கள் நடித்த ஒரு தொடர், பெயர் மாறி வந்த உறவுக்காரத் தொடர்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ராபின் என்று ஒருவன் வருகிறான். ஆனால் எல்லா இடத்திலும் அவன் ஒரே ஆள் அல்லன்.

எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கையில் கொடுத்தால் திகைப்புதான் கூடும் என்பதால், இந்தக் கட்டுரை ஒரே ஒரு பாதையை மட்டும் காட்டுகிறது. 2003ஆம் ஆண்டின் அனிமேஷனில் தொடங்க வேண்டும். அங்கிருந்து 1980களின் காமிக்ஸுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். அதன் பிறகுதான் கிளைகள். இந்த இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பது டெர்ரா என்ற பெண்ணின் கதை. அந்த ஒரு கதையை இரண்டு வடிவத்திலும் தெரிந்துகொண்டவருக்கு மற்றவை எல்லாம் தாமாகவே இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் படி: குடும்பக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

டி.சி. காமிக்ஸ் நிறுவனத்தின் பெரிய வீரர்கள் பலருக்கும் கூடவே அலையும் சிறுவர் துணை ஒன்று இருந்தது. பேட்மேனுக்கு ராபின், ஃபிளாஷுக்குக் கிட் ஃபிளாஷ், அக்வாமேனுக்கு அக்வாலாட். 1964இல் 'தி பிரேவ் அண்ட் தி போல்டு' என்ற இதழின் 54ஆம் எண்ணில் எழுத்தாளர் பாப் ஹேனியும் ஓவியர் புரூனோ பிரெமியானியும் இந்த மூவரையும் அவரவர் குருமார்கள் இல்லாமல் ஒரே கதையில் சேர்த்தார்கள். ஹாட்டன் கார்னர்ஸ் என்ற சிற்றூரில் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் பிணக்கு. நடுவே மிஸ்டர் ட்விஸ்டர் என்ற வில்லன் புகுந்துகொள்கிறான். மூன்று பையன்களும் போய்ச் சரிசெய்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் பெரியவர்கள் வெளியே நிற்க, பிள்ளைகள் தாங்களே முடிவெடுக்கும் அந்த ஏற்பாடு அன்றைக்கே அமைந்துவிட்டது. இன்றுவரை இந்தக் குழுவின் கதைகள் நின்றுகொண்டிருப்பது அதன்மேல்தான்.

மறு ஆண்டு அதே இதழின் 60ஆம் எண்ணில் குழுவுக்கு டீன் டைட்டன்ஸ் என்ற பெயர் வந்தது. வொண்டர் கேர்ளும் சேர்ந்தாள். இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வொண்டர் வுமன் காமிக்ஸில் அதுவரை வந்த வொண்டர் கேர்ள் வேறு யாரும் அல்லள். வொண்டர் வுமனே சிறுமியாக இருந்த காலத்து வடிவம். அதைக் கவனிக்காமல், அவளையும் ஒரு தனிச் சிஷ்யை என்று எண்ணிக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஆளே இல்லாத இடத்தில் இப்படி ஓர் ஆள் முளைத்துவிட்டாள். அவள் யார் என்று விளக்க வேண்டிய கடன் 1969 வரை நிலுவையில் கிடந்தது. அந்த ஆண்டில் மார்வ் வுல்ஃப்மன் என்ற இளம் எழுத்தாளர், எரியும் கட்டடத்திலிருந்து வொண்டர் வுமன் காப்பாற்றிய அனாதைக் குழந்தை என்று அவளுக்கு ஒரு பிறப்புக் கதையைக் கட்டி, டோனா டிராய் என்று பெயரும் வைத்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1966இல் தனி இதழாகத் தொடங்கிய இந்த முதல் தொடரை இப்போது படிக்க வேண்டாம். நிக் கார்டியின் ஓவியங்கள் மிக அழகானவை. ஆனால் இளைஞர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கற்பனை செய்து எழுதிய கொச்சைமொழியை இன்றைக்குப் புன்னகையோடுதான் கடக்க முடியும். புதியவர் அங்கே தொடங்கினால் பத்தாவது இதழைத் தாண்டமாட்டார். குழுவோடு பழகிய பிறகு, பழைய ஆல்பத்தைப் புரட்டுவது போல ஒரு நாள் புரட்டிப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: 'எந்த ராபின்?' என்று கேட்கப் பழகுங்கள்

கையில் கிடைத்த புத்தகமோ படமோ எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு கேள்வி போதும்: இதில் ராபின் யார்? டிக் கிரேசன் என்றால் 1964 முதல் 1980களின் நடுப்பகுதி வரையிலான குழு. டிம் டிரேக் என்றால் 2003இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதவும் மைக் மெக்கோன் வரையவும் தொடங்கிய காமிக்ஸ், அல்லது அதற்கு முன்னால் 1998இல் பீட்டர் டேவிட் எழுதத் தொடங்கிய 'யங் ஜஸ்டிஸ்'. முறைத்த முகமும் கையில் வாளுமாக, பேட்மேனின் சொந்த மகன் டேமியன் வெய்ன் நின்றால் அது 2016இன் காமிக்ஸாகவோ, அதே ஆண்டு வந்த 'ஜஸ்டிஸ் லீக் வெர்சஸ் டீன் டைட்டன்ஸ்' என்ற அனிமேஷன் படமாகவோ இருக்கும்.

2003 அனிமேஷனின் ராபின் யார் என்பதை மட்டும் அந்தத் தொடர் நேரடியாகச் சொல்வதே இல்லை. அவன் முகமூடியும் கழல்வதில்லை. இருந்தாலும் குறிப்புகளைத் தூவியிருக்கிறார்கள். எதிர்காலத்தைக் காட்டும் ஓர் எபிசோடில் அவன் நைட்விங் என்ற பெயரோடு வருகிறான். டிக் கிரேசன் வளர்ந்த பின் சூடிக்கொள்ளும் பெயர் அது. வேறோர் எபிசோடில் ராபினைப் போலவே இருக்கும் லாரி என்ற குட்டி மனிதன் தன் உண்மைப் பெயரைச் சொல்கிறான். வாயில் நுழையாத அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் டிக் கிரேசன்!

மூன்றாம் படி: 2003 அனிமேஷனைப் பாருங்கள்

க்ளென் முரகாமியின் பொறுப்பில் உருவான இந்தத் தொடர் 2003 ஜூலையில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி 2006 ஜனவரியில் முடிந்தது. சீசனுக்கு 13 வீதம் 5 சீசன்கள், மொத்தம் 65 எபிசோடுகள். ஒவ்வொன்றும் 20 நிமிடத்தைச் சற்றே தாண்டும். வாரத்துக்கு ஐந்தாறு பார்த்தால்கூட மூன்று மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

ஐந்தே பேர்தான் குழு. தலைவன் ராபினுக்குச் சக்தி ஒன்றும் கிடையாது. பயிற்சியும் பிடிவாதமும்தான் உண்டு. டமரான் என்ற கோளிலிருந்து வந்த இளவரசி ஸ்டார்ஃபயருக்குப் பூமியின் வழக்கங்கள் எல்லாமே புதிர். சைபோர்க் பாதி உடல் இயந்திரமாகிப்போனவன். பீஸ்ட் பாய் எந்த விலங்காகவும் மாறுவான், மாறிய விலங்கு எதுவானாலும் பச்சை நிறத்தில்தான் இருக்கும். ரேவன் உணர்ச்சியை வெளிக்காட்டினால் அவளுடைய சக்தி கட்டுமீறும் என்பதால் எப்போதும் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவள். ஆங்கில எழுத்து 'டி' வடிவில் தீவின்மேல் நிற்கும் கோபுரம் அவர்களின் வீடு. அங்கே அவர்களுக்குச் சமைத்துப்போடவோ, படுக்கப் போகச் சொல்லவோ பெரியவர் ஒருவரும் இல்லை. பீட்சா தின்பதும், தொலையியக்கிக்குச் சண்டை போடுவதும், உலகத்தைக் காப்பாற்றுவதும் ஒரே நாளில் நடக்கின்றன.

ஜப்பானிய அனிமேயின் சாயல் இதில் அதிகம். ஒரு காட்சியில் முகங்கள் திடீரென்று பெரிதாகிக் கேலிச்சித்திரமாகும். அடுத்த காட்சியில் நிழலும் மௌனமுமாகத் திகில் படம்போல் ஆகிவிடும். தொடக்கப் பாடலைப் பாடியவர்கள் பஃபி அமியூமி என்ற ஜப்பானிய இணை. அந்தப் பாடல் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் உண்டு. ஜப்பானிய வடிவம் ஒலித்தால் பெரும்பாலும் அன்றைய எபிசோடு கோமாளித்தனமானது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். நேரம் குறைவாக இருப்பவர்கள் எதைத் தாண்டிப் போவது என்று தீர்மானிக்க இது ஓரளவு உதவும். ஆனால் கோமாளித்தனமான எபிசோடுகளையும் பார்க்கத்தான் சொல்வேன். ஐவரும் ஒரே வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்பது மனதில் படிவது அவற்றில்தான்.

ஒவ்வொரு சீசனுக்கும் உள்ளே ஒருவரின் கதை ஓடிக்கொண்டிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பிடி கிடைக்கும். முதல் சீசன் ராபினுடையது: ஸ்லேட் என்ற எதிரியை அடையாளம் காண வேண்டும் என்ற வெறி அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது. இரண்டாம் சீசன் டெர்ராவுடையது. மூன்றாவது பிரதர் பிளட் என்ற வில்லனுக்கும் சைபோர்க்குக்கும் இடையிலானது. நான்காவது ரேவனும் அவள் தந்தையான டிரைகான் என்ற அரக்கனும். ஐந்தாவது பீஸ்ட் பாயையும் அவன் முன்பு இருந்த டூம் பேட்ரோல் குழுவின் பழைய பகைவர்களையும் பற்றியது. இந்த ஐவரும் முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்று தொடக்கத்தில் தேடாதீர்கள். அது கடைசி சீசனில், 'கோ' என்ற எபிசோடில்தான் சொல்லப்படுகிறது. முதல் சில எபிசோடுகள் தயாரிக்கப்பட்ட வரிசையும் ஒளிபரப்பான வரிசையும் சற்று மாறுபடும் என்பதாலும் குழம்ப வேண்டாம். கதை எதுவும் கெடாது.

65ஐயும் பார்க்க முடியாதவர், குறைந்தது இவற்றையாவது தவறவிடக் கூடாது. முதல் சீசனில் 'மாஸ்க்ஸ்', பிறகு இரண்டு பகுதிகளாக வரும் 'அப்ரென்டிஸ்'. இரண்டாம் சீசனில் 'டெர்ரா', 'டைட்டன் ரைசிங்', 'பிட்ரேயல்', இரண்டு பகுதிகள் கொண்ட 'ஆஃப்டர்ஷாக்'. மூன்றாம் சீசனில் 'ஹாண்டட்'. ஸ்லேட் கண்ணெதிரே இல்லாமலேயே ராபினை அடித்து நொறுக்குகிற எபிசோடு அது, சிறுவர் தொடர் ஒன்று இவ்வளவு தூரம் போகுமா என்று வியக்க வைப்பது. நான்காவதில் 'பர்த்மார்க்' தொடங்கி மூன்று பகுதிகள் கொண்ட 'தி எண்ட்' வரை. தொடரின் கடைசி எபிசோடான 'திங்ஸ் சேஞ்ச்' பலரையும் ஏமாற்றியது. எனக்கு மிகப் பிடித்தது. ஏன் என்று சொன்னால் கதை தெரிந்துவிடும்.

நான்காம் படி: 1980இன் காமிக்ஸுக்குப் போங்கள்

அனிமேஷனில் பழகிய சைபோர்க், ஸ்டார்ஃபயர், ரேவன் ஆகிய மூவரும் பிறந்த இடம் இதுதான். முன்னே டோனாவுக்குப் பிறப்புக் கதை கட்டித் தந்த மார்வ் வுல்ஃப்மன், ஓவியர் ஜார்ஜ் பெரெஸுடன் சேர்ந்து, விற்பனை இல்லாமல் இருமுறை நின்றுபோன குழுவை 1980இல் மீண்டும் எழுப்பினார். 'டி.சி. காமிக்ஸ் பிரசன்ட்ஸ்' 26ஆம் எண்ணில் 1980 அக்டோபரில் ஒரு முன்னோட்டம் இணைப்பாக வந்தது. அடுத்த மாதத் தேதியிட்டு 'தி நியூ டீன் டைட்டன்ஸ்' முதல் இதழ். பழைய ராபின், கிட் ஃபிளாஷ், வொண்டர் கேர்ள் ஆகியோரோடு 1965இல் டூம் பேட்ரோல் இதழில் உருவான பீஸ்ட் பாயைச் சேஞ்ச்லிங் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டு, புதியவர்கள் மூவரையும் படைத்தார்கள். மார்வெலின் எக்ஸ்-மென் கொடிகட்டிப் பறந்த நேரத்தில், அதற்கு எதிரே டி.சி.யால் நிறுத்த முடிந்த தொடர் இதுதான். 1982இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து இரு குழுக்களையும் ஒரே இதழில் சந்திக்க வைத்ததே அதற்குச் சாட்சி.

அனிமேஷனிலிருந்து வருபவர் சில மாற்றங்களுக்கு மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். இங்கே குழுவினர் பெரும்பாலும் பதினெட்டுப் பத்தொன்பது வயதுக்காரர்கள். டிக் கிரேசன் கல்லூரியை விட்டவன், பேட்மேனோடு மனத்தாங்கல் உள்ளவன். கோபுரம் நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் ஆற்றில் நிற்கிறது. குழுவைக் கூட்டுவதும் ராபின் அல்லன், ரேவன். தன் தந்தை டிரைகானைத் தடுக்க முதலில் ஜஸ்டிஸ் லீக் என்ற பெரியவர்களின் குழுவிடம் போகிறாள். அவளிடம் தீமை வீசுகிறது என்று அவர்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதன் பிறகே இளையவர்களிடம் வருகிறாள். அவர்களை அவள் எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்ற செய்தி பின்னால் வெளிப்படும்போது, குறிப்பாகக் கிட் ஃபிளாஷின் மனதோடு அவள் என்ன செய்தாள் என்று தெரியும்போது, குழுவின் அடித்தளமே ஆடிப்போகிறது.

படிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். அக்கால இதழ்களில் எழுத்து மிகுதி. எண்ணக் குமிழிகள், நீண்ட விவரிப்புகள், ஒவ்வோர் இதழிலும் ஒவ்வொருவரின் சக்தியையும் புதிய வாசகருக்காக மறுபடி சொல்லும் வசனங்கள் என்று பக்கம் நிரம்பி வழியும். மாதம் ஒன்று என்று வாங்கிப் படித்தவர்களுக்காக எழுதப்பட்டவை அவை. ஒரே மூச்சில் பத்து இதழ் படித்தால் திகட்டிவிடும். நாளுக்கு இரண்டு போதும். பெரெஸ் வரைந்த பக்கங்களில் கூட்டக் காட்சி வந்தால் சற்று நின்று பாருங்கள். மூலையில் நிற்பவருக்கும் ஒரு முகபாவம் இருக்கும்.

முதல் 6 இதழ்கள் டிரைகானோடு முடியும் ஒரு சுற்று. இரண்டாம் இதழில் டெத்ஸ்ட்ரோக் அறிமுகமாகிறான். அனிமேஷனில் ஸ்லேட் என்று மட்டும் அழைக்கப்படுபவன் இவன்தான், ஸ்லேட் வில்சன் அவனுடைய இயற்பெயர். இந்தத் தொடர் உங்களுக்கு ஏற்றதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஓர் இதழைக் காட்டச் சொன்னால் நான் எட்டாவதைக் காட்டுவேன். அதில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை; ஒவ்வொருவரும் விடுமுறை நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதே கதை. தன் உலோக உடலை நினைத்துக் கூனிக் குறுகும் விக்டர் ஸ்டோன் (சைபோர்க்கின் இயற்பெயர் இது), செயற்கைக் கை கால் பொருத்திய சிறுவர்களையும் அவர்களின் ஆசிரியை சாரா சிம்ஸையும் பூங்காவில் தற்செயலாகச் சந்திக்கிறான். அவனைப் பார்த்து மிரளாமல், ஆசையோடு சூழ்ந்துகொள்ளும் அந்தப் பிள்ளைகள்தான் சைபோர்க்கின் கதை முழுவதற்கும் திறவுகோல்.

ஐந்தாம் படி: டெர்ராவை முறையாகச் சந்தியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. டைட்டன்ஸ் காமிக்ஸில் எதை வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் 'தி ஜூடாஸ் கான்ட்ராக்ட்' என்பார்கள். 1984இல் வந்த கதை. தனித் தொகுப்பாகவும் கிடைக்கும். சிறந்த கதை என்பதிலும் ஐயம் இல்லை. நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். படித்து முடித்து, இதற்கா இவ்வளவு பேச்சு என்று வைத்துவிட்டேன். தவறு புத்தகத்தில் இல்லை. டெர்ரா 1982 டிசம்பர் தேதியிட்ட 26ஆம் இதழில் அறிமுகமாகி, 30ஆம் இதழில் குழுவில் சேர்ந்து, ஓராண்டுக்கும் மேலாக அவர்களோடு உண்டு உறங்கிச் சண்டைபோட்டுச் சிரித்தவள். தொகுப்போ 39ஆம் இதழில்தான் தொடங்குகிறது. அறிமுகமே ஆகாத ஒருத்தி துரோகம் செய்தால் யாருக்கு வலிக்கும்? ஆகவே 26இலிருந்து தொடங்கி, 34 வரை வந்து, அதற்குப் பின் 38ஐயும் படித்துவிட்டு, ஜூடாஸைக் கையில் எடுங்கள்.

38ஆம் இதழ் எதற்கு? டோனா டிராய்க்காக. ஒரு கவனக்குறைவால் பிறந்த அந்தப் பெண் தன் பெற்றோர் யார் என்று தேட, டிக் கிரேசன் துப்பறிவாளனாக இறங்கித் தேடிக்கொடுக்கும் கதை அது. வில்லன் கிடையாது, உலக அழிவு கிடையாது. எரிந்த வீடும் ஒரு பழைய பொம்மையும் அனாதை இல்லத்துப் பதிவுகளும்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தானே கட்டிய கதையின் இடைவெளிகளை வுல்ஃப்மன் தானே நிரப்புகிறார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அதுவும் நிலைக்கவில்லை. 1985இல் அவரும் பெரெஸும் சேர்ந்து உருவாக்கிய 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' டி.சி. உலகத்தையே மாற்றியமைத்தது, அதன்பின் வொண்டர் வுமனின் கதை புதிதாகத் தொடங்கியதால், டோனாவைக் காப்பாற்றியவள் யார் என்ற கேள்வி மறுபடி அந்தரத்தில் தொங்கியது. அவள் பிறப்பை விளக்க அதற்குப் பிறகும் பலர் முயன்றிருக்கிறார்கள். புதியவர் இந்த முடிச்சை அவிழ்க்கப் புறப்பட வேண்டாம். 38ஆம் இதழைத் தனியாகப் படித்து ரசித்தால் போதும்.

அடுத்த பத்தியில் கதையின் திருப்பம் பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்களும் படிக்காதவர்களும் அதைத் தாண்டி ஆறாம் படிக்குப் போகலாம்.

காமிக்ஸில் டெர்ரா தொடக்கம் முதலே டெத்ஸ்ட்ரோக்கின் ஆள். அவளை நல்லவளாக்கித் திருத்தும் எண்ணம் வுல்ஃப்மனுக்கும் பெரெஸுக்கும் எப்போதும் இருந்ததில்லை. அவள் முடிவைத் தீர்மானித்துக்கொண்டுதான் படைத்தார்கள். வாசகருக்கு 34ஆம் இதழிலேயே உண்மையைச் சொல்லிவிட்டு, குழுவினருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டியதில்தான் அதன் பதற்றம் இருக்கிறது. அனிமேஷன் இதே சம்பவங்களை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் மனதை மாற்றிவிட்டது. அங்கே டெர்ரா தன் சக்தியைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் அஞ்சுபவள். அந்த ரகசியத்தைப் பீஸ்ட் பாய் வெளியே சொல்லிவிட்டான் என்று தவறாக எண்ணி ஓடிப்போகிறவள். அந்த அச்சத்தைத்தான் ஸ்லேட் பயன்படுத்திக்கொள்கிறான். எது சிறந்தது என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. கதையின் அதிர்ச்சியில் காமிக்ஸும், அந்தப் பெண்ணைப் புரிந்துகொண்டதில் அனிமேஷனும் முந்தி நிற்கின்றன என்பது என் கருத்து. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடுவயது டெத்ஸ்ட்ரோக்குக்கும் பதின்பருவச் சிறுமிக்கும் இடையே தகாத உறவு இருப்பதாகக் காமிக்ஸ் குறிப்பால் உணர்த்துகிறது; பழியை அவன்மேல் போதுமான அளவு சுமத்தவும் இல்லை. இன்றைக்குப் படிப்பவருக்கு அது கசக்கும், கசக்கவும் வேண்டும்.

இதே கதையின் போக்கில்தான் 39ஆம் இதழில் டிக் கிரேசன் ராபின் என்ற பெயரைத் துறக்கிறான்; 44ஆம் இதழில் நைட்விங்காக முதன்முதலில் தோன்றுகிறான். நாற்பதாண்டுக்கும் மேலாகப் பேட்மேனின் நிழலில் நின்ற பாத்திரம் தன் காலில் நின்ற இடம் அது.

ஆறாம் படி: வாங்கும்போது ஏமாறாதீர்கள்

1984இல் இந்தத் தொடரின் எண்களும் பெயர்களும் ஒரு பெரிய குழப்பத்துக்கு ஆளாயின. உயர்ந்த தாளில் அச்சிட்டு, காமிக்ஸ் கடைகளில் மட்டும் விற்கும் புதிய 'தி நியூ டீன் டைட்டன்ஸ்' ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. பழைய தொடர் 41ஆம் இதழ் முதல் 'டேல்ஸ் ஆஃப் தி டீன் டைட்டன்ஸ்' என்று பெயர் மாறியது. ஆகவே ஒரே பெயரில், ஒரே எண்ணோடு, நான்காண்டு இடைவெளியில் வந்த இரண்டு வேறு இதழ்கள் உண்டு. பழைய தொடர் ஏறக்குறைய ஓராண்டு புதுக் கதைகளை வெளியிட்டுவிட்டு, பிறகு புதிய தொடரின் கதைகளையே மறுபதிப்பாக வெளியிடத் தொடங்கியது. தனி இதழ்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்குபவர் அட்டையிலுள்ள பெயரோடு உள்ளே அச்சிட்டுள்ள ஆண்டையும் பார்த்தே காசு கொடுக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், 1980இன் முதல் இதழிலிருந்து வரிசையாகத் தொகுத்த புத்தகங்களை வாங்குவதே எளிது. பெரெஸ் விலகும் வரை, அதாவது புதிய தொடரின் 5ஆம் இதழோடு முடியும் இரண்டாம் டிரைகான் கதை வரை, படித்தால் போதுமான நிறைவு கிடைக்கும். 1988இல் அவர் 50ஆம் இதழில் திரும்பி வந்தார்; தொடரின் பெயரும் அப்போது 'தி நியூ டைட்டன்ஸ்' என்றாயிற்று.

வீட்டில் பிள்ளைகளுக்காகத் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018 முதல் 2023 வரை 4 சீசன்கள் வந்த 'டைட்டன்ஸ்' என்ற நடிகர் தொடர் வளர்ந்தவர்களுக்கானது. ரத்தமும் வசையும் அதில் தாராளம். 2017இல் வந்த ஜூடாஸ் கான்ட்ராக்ட் அனிமேஷன் படமும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. பதின்பருவத்தினர் கையில் கொடுக்க எளிதான நூல்கள் வேண்டுமென்றால், காமி கார்சியா எழுதி கேப்ரியல் பிக்கோலோ வரைந்த வரிசை இருக்கிறது. 2019இல் 'ரேவன்', 2020இல் 'பீஸ்ட் பாய்', 2021இல் இருவரும் சந்திக்கும் நூல் என்று வந்த இவற்றுக்கு முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஏழாம் படி: கிளைகள்

இதுவரை வந்தவருக்கு அடுத்துப் பொருத்தமானது 'யங் ஜஸ்டிஸ்' அனிமேஷன். கிரெக் வைஸ்மனும் பிராண்டன் வியெட்டியும் உருவாக்கி 2010இல் தொடங்கிய இது, பெயரைக் காமிக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டாலும் மனத்தளவில் டைட்டன்ஸின் தம்பிதான். ராபின், கிட் ஃபிளாஷ், புதிய அக்வாலாட் ஆகியோர் ஜஸ்டிஸ் லீகின் மாளிகைக்கு அழைத்துப்போகப்பட்டு, உள்ளே சேர்த்துக்கொள்வதாக நம்பிப் போன இடத்தில் சுற்றுலாப் பயணிகளைப்போல் நடத்தப்படுவதுதான் அதன் தொடக்கம். காட்சி மாறும்போதெல்லாம் திரையில் தேதியும் நேரமும் ஊரும் வரும். அவற்றைப் படிக்காமல் விட்டால் கதை கைநழுவிவிடும். முதல் சீசனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கதையில் ஐந்தாண்டு கடந்துவிடுகிறது, முன்னறிவிப்பே இல்லாமல். ஏதோ ஓர் எபிசோடு தவறிவிட்டதோ என்று நான் பின்னால் போய்த் தேடினேன். நீங்கள் தேட வேண்டாம். 2013இல் நிறுத்தப்பட்ட தொடர் ரசிகர்களின் விடாத கோரிக்கைக்குப் பின் 2019இல் மூன்றாம் சீசனோடு திரும்பியது.

'டீன் டைட்டன்ஸ் கோ!' என்ற 2013இன் தொடரைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். 2003 தொடரின் அதே ஐந்து குரல்கள்தாம் இதிலும் பேசுகின்றன; ஆனால் இது 11 நிமிட நகைச்சுவைத் துண்டுகளின் தொடர், இங்கே வில்லனைவிடச் சாண்ட்விச் முக்கியம். பழைய தொடரை நேசித்தவர்கள் இதன்மேல் கடுங்கோபம் கொண்டார்கள். தொடரோ அந்தக் கோபத்தையே எடுத்து நகைச்சுவையாக்கிவிட்டது. டைட்டன்ஸை இதிலிருந்து அறிமுகமாகிக்கொண்டவருக்கு அந்த நகைச்சுவையில் பாதி புரியாமலே போகும், 1980இன் காமிக்ஸோ அதிர்ச்சியாக இருக்கும். மற்றவற்றைப் பார்த்த பிறகு வருபவருக்குத்தான் இதன் குசும்பு பிடிபடும். 2018இல் வந்த இதன் திரைப்படத்தில் ஊரிலுள்ள எல்லா வீரருக்கும் படம் எடுத்துவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று ராபின் புலம்புகிறான். மறு ஆண்டு வந்த இன்னொரு படத்தில் 2003இன் ஐவரும் இந்த ஐவரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு ராபினுக்கும் குரல் கொடுத்துத் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்கலாம். மேலே சொன்ன பாதையை முழுவதும் கடந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதைப் போட்டுப் பாருங்கள். எந்த ராபின் எந்தக் காலத்தவன் என்று பக்கத்தில் இருப்பவருக்கு நீங்களே விளக்கிக்கொண்டிருப்பீர்கள்.